தேசிச் செடியில் ஏறிய கொடி



ஹந்தானைச் சரிவில் உள்ள ஒரு லயன் வீட்டின் பின்புறம் ஒரு தேசிச் செடி நிற்கிறது. ஆளுயரத்திற்குச் சற்று மேல் வளர்ந்த செடி. அதைப் பராமரிக்கும் அம்மா இந்த மலைகளில் பிறந்தவர். 1977 கலவரத்திற்குப் பின்னர் பெற்றோருடன் வன்னிக்குப் போனார். கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் கிணறு தோண்டித் தோட்டம் செய்தார். அதன்பின் எத்தனை இடப்பெயர்வுகள் என்று அவரே விரல் விட்டு எண்ணித்தான் சொல்லுவார். யுத்தம் முடிந்த பிறகு மகளுடன் மீண்டும் மலைக்கு வந்து சேர்ந்தார். இப்போது அவர் கையில் இருப்பது லயனுக்குப் பின்னால் உள்ள துண்டு நிலம் மட்டுமே. அதில் காய்க்கும் தேசிக்காயை விற்று வரும் காசில்தான் பேத்தி பஸ் ஏறிப் பாடசாலைக்குப் போகிறாள்.

ஒரு நாள் அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். செடியைக் காணவில்லை, பச்சைப் போர்வை ஒன்று கூடாரம் போல நின்றது.

"குருவிச்சை புடிச்சிருச்சு சாமி. கிளையக் கிளையா வெட்டுறேன், அது போக மாட்டேங்குது."

அவர் ஏற்கனவே மூன்று கிளைகளை வெட்டியிருந்தார். வெட்டுப் பட்ட இடத்தைப் பார்த்தேன். மரம் வெள்ளையாக, ஈரமாக, நோயற்று இருந்தது. அந்தக் கிளைகளில் குருவிச்சை இருக்கவில்லை. வன்னியில் மாமரத்தைக் காப்பாற்றக் கற்ற நல்ல வைத்தியத்தை அவர் வேறொரு நோய்க்குச் செய்துவிட்டார். கொடிக்கு ஒன்றும் ஆகவில்லை, செடிக்குத்தான் மூன்று கிளைகள் போயின. அவை மறுபடி வளர்ந்து காய்க்க இரண்டு மூன்று வருடமாவது ஆகும். அதனால்தான் இந்தப் பாடத்தை எழுத நினைத்தேன்.

நாம் வளர்க்கும் செடியின் மேல் வேறொரு செடி நிற்கக் கண்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அது எங்கே வேர் விட்டிருக்கிறது?

குருவிச்சையின் வேர் கிளைக்குள்ளேயே இருக்கிறது. அதன் பழத்தைத் தின்னும் சிறு குருவியான பூக்கொத்தி, பசை போல ஒட்டும் விதையைக் கிளையில் துடைத்துவிட்டுப் போகும். சிங்களத்தில் குருவிச்சையைப் 'பிலில' என்றும், அந்தக் குருவியைப் 'பிலலிச்சா' என்றும் சொல்வார்கள். செடியின் பெயரே குருவிக்கும் வந்துவிட்டது. விதை முளைத்துப் பட்டையைத் துளைத்து உள்ளே இறங்கி, மரம் உறிஞ்சிய தண்ணீரைத் தான் எடுத்துக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் கிளை முண்டு கட்டி வீங்கியிருக்கும். அப்படியானால் வீக்கத்திற்கு ஓர் அடி கீழே கிளையை வெட்டத்தான் வேண்டும். அந்த அம்மா வன்னியில் கற்றது இதைத்தான். அதில் பிழை இல்லை.

மன்னார், யாழ்ப்பாணக் கரையோரத்திலிருந்து வந்தவர்களுக்குக் கொத்தான் தெரிந்திருக்கும். இலை இல்லாமல், நூல் சிக்கல் போல, மஞ்சளும் பச்சையுமாகப் படர்வது. பற்றிய பிறகு அதற்கு மண்ணில் வேர் கிடையாது. தண்டு முழுவதும் சிறு உறிஞ்சிகளால் செடியைப் பிடித்திருக்கும். ஒரு துண்டு ஒட்டியிருந்தாலும் திரும்பப் படரும். எனவே அது சுற்றிய சிறு கொப்புகளையும் சேர்த்தே அகற்ற வேண்டும்.

ஹந்தானைத் தேசிச் செடியில் ஏறியிருந்தது மூன்றாவது வகை. அதன் வேர் மண்ணில் இருந்தது. செடியிலிருந்து அது ஒரு துளி நீரும் எடுப்பதில்லை. அதை ஏணியாக வைத்து ஏறி, உச்சியில் விரிந்து, வெயிலை மறைத்துவிடுகிறது. கீழே இலைகள் மஞ்சளாகி உதிர்ந்து, பூ நின்று, கொப்புகள் காய்ந்து, கடைசியில் செடி இருட்டில் சாகிறது. இதற்குக் கிளையை வெட்டுவது, வீட்டுக்குள் புகை வருகிறது என்று அடுப்பை விட்டுவிட்டுக் கூரையைப் பிரிப்பது போன்றது.

இந்தக் கொடியின் தாவரவியல் பெயர் மிக்கானியா மைக்கிராந்தா. நடு அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் இதன் தாயகம். நிமிடத்துக்கு ஒரு மைல் ஓடும் என்று கேலியாக ஆங்கிலத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். மைல் பொய், ஆனால் நல்ல மழையில் ஒரே நாளில் 8 அல்லது 9 சென்ரிமீற்றர் வரை வளரக்கூடியது. அதாவது மூன்று நாளில் ஒரு சாண். சிங்கள அயலவரிடம் கேட்டால் 'கம் பாலு' என்பார்கள், 'வத்து பாலு' என்பார்கள், 'கெஹெல் பாலு' என்றும் சொல்வார்கள். 'கம' என்றால் கிராமம், 'வத்த' என்றால் தோட்டம், 'கெஹெல்' என்றால் வாழை. 'பாலு' என்பது எமது 'பாழ்' என்ற சொல்லேதான். ஊர்ப்பாழ், தோட்டப்பாழ், வாழைப்பாழ். ஆட்கள் விட்டுப்போன வீட்டை முதலில் வந்து மூடுவது இந்தக் கொடிதான் என்று பெயர் வைத்தவர்கள் கண்டிருக்க வேண்டும். விட்டுவந்த வளவைப் பல வருடம் கழித்துப் போய்ப் பார்த்த உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. வன்னியின் வறண்ட மண்ணில் இது பெரும்பாலும் இல்லை. மழை மிகுந்த மலைப்பகுதியிலும் தென்மேற்கிலும்தான் இதன் ஆட்சி. அதனால்தான் அனுபவமுள்ள அந்த அம்மாவும் ஏமாந்தார்.

இனி அடையாளம். இங்கே அவசரப்படாதீர்கள். இதய வடிவ இலையுடன் ஏறும் கொடிகள் எமது வளவுகளில் பல உண்டு. வெற்றிலையும் மிளகும் சீந்திலும் அப்படித்தான். இவற்றில் எதையாவது களை என்று பிடுங்கினால் நட்டம் உங்களுக்கே.

கொடியைக் கையில் எடுத்துக் கணுவைப் பாருங்கள். மிக்கானியாவில் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள், ஒன்றுக்கு ஒன்று எதிராக, இரு கைகளை விரித்தது போல நிற்கும். வெற்றிலை, மிளகு, சீந்தில் மூன்றிலும் கணுவுக்கு ஓர் இலைதான், மாறி மாறி வரும். இந்த ஒரு சோதனையிலேயே பெரும்பகுதி தெளிந்துவிடும்.

இராசவள்ளிதான் கஷ்டம். அதிலும் இலைகள் எதிரெதிராக வரும், வடிவமும் இதயம்தான். ஆனால் இராசவள்ளியின் தண்டைத் தடவினால் நான்கு பக்கமும் மெல்லிய சிறகு போன்ற விளிம்பு விரலில் படும். இலையின் ஓரம் வெட்டில்லாமல் வழுவழுப்பாக இருக்கும். நரம்புகள் காம்பிலிருந்து நுனிவரை வளைந்து ஓடும். மிக்கானியாவின் தண்டில் சிறகு இல்லை, இலையின் ஓரத்தில் ஒழுங்கற்ற பற்கள் இருக்கும். பூத்துவிட்டால் சந்தேகமே வராது. வெள்ளை நிறச் சிறு பூக்கள் கொத்துக் கொத்தாக, மெல்லிய வாசனையுடன் இருக்கும். ஒவ்வொரு பூந்தலையிலும் நான்கு குட்டிப் பூக்கள். பின்னர் கறுப்புச் சிறு விதை, வெள்ளை மயிர்க்குஞ்சத்துடன் காற்றில் பறக்கும். ஒரு கொடி வருடத்துக்கு 40,000 விதைகள் வரை கொடுக்கக்கூடும். பூக்கும்வரை காத்திருந்து அடையாளம் காண்பது ஆகாது.

மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் களைகள் பற்றிய உவமையை அறிவீர்கள். வேலையாட்கள் களையைப் பிடுங்கப் புறப்படும்போது வீட்டுத் தலைவர் தடுக்கிறார். அந்த நாட்டில் கோதுமையோடு வளரும் ஒரு புல், கதிர் வரும்வரை கோதுமையைப் போலவே தோன்றும். தலைவர் களைக்கு இரங்கித் தடுக்கவில்லை. பயிரும் சேர்ந்து போய்விடும் என்றே தடுத்தார். குருமடத்தில் இந்த உவமைக்கு வேறு விளக்கங்களும் படித்தோம். ஒரு விவசாயியின் பயம் அதில் இருக்கிறது என்பது தோட்டத்தில் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

'அந்நியக் களை', 'ஆக்கிரமிப்புத் தாவரம்' என்று நூல்களில் எழுதுகிறார்கள். இந்தச் சொற்களை நான் கொஞ்சம் தயக்கத்துடனேயே பயன்படுத்துகிறேன். வந்தவர்கள், வெளியார் என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுப் புண்பட்டவர்கள் எங்கள் வாசகர்கள். வெளியிலிருந்து வந்ததனால் ஒரு செடி கெட்டதாகிவிடாது. மிளகாய், மரவள்ளி, பப்பாசி, கொய்யா எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. அவை இல்லாமல் எமக்குச் சமையல் இல்லை. ஹந்தானையின் தேயிலையும் வந்த செடிதான். 1925இல் கட்டிய இங்குள்ள தேயிலைத் தொழிற்சாலை கைவிடப்பட்டுக் கிடந்து, 2001 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. வெளிநாட்டார் வந்து படம் எடுத்துப் போகிறார்கள். மிக்கானியா எந்த ஊர்க் கொடி என்பது எமக்கு முக்கியமில்லை. அது பக்கத்தில் உள்ளதற்கு வெயில் விடுவதில்லை. அகற்ற அந்தக் காரணம் போதும்.

அகற்றும் முறையைச் சொல்லுமுன் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன், ஒரு ஐப்பசி மழையில், வாலிபர்களைச் சேர்த்துச் சிரமதானம் ஒன்று வைத்தேன். மிக்கானியாவைக் கத்தியால் வெட்டித் துண்டு துண்டாக்கி, இலைக்குப்பை நல்ல பசளைதானே என்று வாழைக்கும் கோப்பிக் கன்றுகளுக்கும் அடியில் பரப்பச் சொன்னேன். அன்று எல்லோருக்கும் பெருமை, தேநீரும் பணிசும் உண்டு. கிறிஸ்மஸ் கீதம் பாட வந்த பிள்ளைகள்தான் முதலில் சொன்னார்கள், "ஃபாதர், நட்ட கொடி எல்லாம் நல்லாப் புடிச்சிருக்கு!" ஆம், நாங்கள் நட்டிருந்தோம். இந்தக் கொடியின் ஒவ்வொரு கணுவும் ஒரு நாற்று. ஈர மண்ணில் பட்டால் வேர் விடும். வெட்டி எறிவது விதைப்பதாகிவிடும். அந்தக் கோப்பிக் கன்றுகளில் பாதி பிழைக்கவில்லை.

ஆகவே தேசிச் செடிக்கு வேறு விதமாகச் செய்தோம். மேலிருந்து இழுக்கவில்லை. இழுத்தால் கொடி அறுந்து வேர் நிற்கும், செடியின் இளங்கொப்பும் பூவும் முறியும், தேசி முள் கையைக் கிழிக்கும். முழங்காலில் இருந்து அடியில் பார்த்தோம். மண்ணிலிருந்து எழும்பும் தண்டுகளைத் தேடினோம். ஒன்று என்று நினைத்தது பதினொன்று. நிலத்தில் படர்ந்து வந்த கொடி வழியெல்லாம் வேர் விட்டிருந்தது.

ஒவ்வொரு தண்டையும் முழங்கால் உயரத்தில் வெட்டினோம். வெட்டுக்கு மேலே இருந்ததை அப்படியே செடியில் விட்டோம். மேற்பகுதியின் தொங்கும் நுனி எதுவும் மண்ணைத் தொடாதபடி இரண்டு அடி இடைவெளி வைத்தோம், இதுதான் முக்கியம். கீழ்ப்பகுதியை வேரோடு எடுத்தோம். மண் இறுகியிருந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, கூரான குச்சியால் நெகிழ்த்திக் கையால் இழுத்தோம். மண்வெட்டி போட்டுக் கொத்தினால் தேசியின் மேல் வேர்கள் அறுந்துவிடும், கொடியும் துண்டாகிப் பெருகும். நிலத்தில் ஓடியவற்றைக் கயிறு சுற்றுவது போலச் சுற்றிக்கொண்டே தூக்கினோம்.

பத்து நாளில் மேலே இருந்தது கறுத்துச் சுருண்டது. பிறகு அந்த அம்மா விரலால் உதிர்த்தே எடுத்துவிட்டார். மழை நாட்களில் இது இரண்டு மூன்று வாரம் எடுக்கலாம். இடையில் போய்ப் பார்த்து, தொங்கும் நுனி நீண்டு மண்ணைத் தேடுகிறதா என்று கவனிக்க வேண்டும். கண்டி மலைகளில் தை, மாசி, பங்குனி மாதங்களின் வெயில் இந்த வேலைக்கு உகந்தது.

எடுத்த பச்சைக் கொடியை மண்ணில் போடாதீர்கள், ஓடைக்குள் எறியாதீர்கள். ஓடையில் எறிந்தால் கீழ் வீட்டுக்காரருக்கு அனுப்பி வைத்ததாகும். கூரைத் தகரத்திலோ பாறையிலோ பரப்பி, கையில் நொறுங்கும்வரை காய விடுங்கள். நொறுங்கிய பிறகு தாராளமாகப் பசளைக் குழியில் போடலாம். வெயில் இல்லையென்றால் உரப்பையில் அடைத்து வாயைக் கட்டி, அழுகித் தண்ணீராகும்வரை வைத்திருங்கள். மாட்டுக்குப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். மாடு தின்னும், ஆனால் கறவை மாடுகளுக்கு ஈரல் பாதிப்பு ஏற்பட்டதாக வெளிநாடுகளில் பதிவுகள் உண்டு. அதையே தீவனமாக்க வேண்டாம் என்பது என் ஆலோசனை.

களைநாசினி பற்றி ஒரு வசனம் போதும்: செடியின் மேல் கிடக்கும் கொடிக்கு அடித்தால் இரண்டுக்கும்தான் படும்.

ஒரு தடவையோடு முடியும் வேலை அல்ல இது. மண்ணில் தங்கிய கணுவும் விதையும் முளைக்கும். முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அதன்பின் மாதம் ஒரு தடவை, ஒரு வருடமாவது அடியைப் பார்க்க வேண்டும். இரண்டு இலையில் கண்டால் இரு விரலால் எடுத்துவிடலாம். பேத்தி பாடசாலையால் வந்ததும் செய்யக்கூடிய வேலை.

வெறும் மண்ணை விட்டாலும் அது திரும்ப வரும். இந்தக் கொடிக்கு வெளிச்சம் வேண்டும், எனவே மண்ணை மூட வேண்டும். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் இதே கொடிக்கு எதிராக வற்றாளங்கிழங்கை நட்டுப் பார்த்தார்கள். வற்றாளை அதைவிட விரைவாக மண்ணை மூடி அதை நெருக்கிவிட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எமக்கு இது இரட்டை நன்மை. கொடியும் அடங்கும், கிழங்கும் கறிக்கு இலையும் கிடைக்கும். செடியின் அடிமரத்திலிருந்து இரண்டு அடி தள்ளி நடுங்கள், இல்லாவிட்டால் வற்றாளையே தேசியில் ஏறப் பார்க்கும்.

சரிவில் குடியிருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உற்சாகத்தில் சரிவு முழுவதையும் ஒரே நாளில் வெறுமையாக்க வேண்டாம். மிக்கானியா கெட்ட போர்வைதான், ஆனாலும் மழைக்கு அது ஒரு போர்வை. அதை எடுத்து ஒன்றும் வைக்காமல் விட்டால் அடுத்த பெருமழையில் மேல்மண் லயன் வாசலில் வந்து நிற்கும். சரிவுக்குக் குறுக்கே ஆறு அடி அகலத்துக்கு ஒரு பட்டியாக எடுத்து, அதில் வற்றாளையை நட்டு, அது பிடித்த பிறகு அடுத்த பட்டிக்குப் போங்கள். மண்சரிவு அபாயம் என்று அடையாளப்படுத்திய இடத்தில் தோண்டவே வேண்டாம். மேலே காட்டுப்பக்கம் ஏறிச் சுத்தம் செய்வோம் என்று இளைஞர்கள் கேட்டார்கள். ஹந்தானை மலைத்தொடர் 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. அங்கே அனுமதியின்றிக் கத்தி வைக்கக் கூடாது. எமது வளவு எமக்குப் போதிய வேலை தரும்.

இதற்கு இயற்கை எதிரி இல்லையா என்று ஒரு தம்பி கேட்டான். உண்டு. அதன் தாயகத்தில் ஒரு துரு நோய்ப் பூஞ்சணம் இதன் இலையையும் தண்டையும் தாக்குகிறது. 2005இல் இந்தியாவில் அதை விட்டுப் பார்த்தார்கள், நன்றாக நிலைகொள்ளவில்லை. பின்னர் பப்புவா நியூகினியிலும் பிஜியிலும் விட்டபோது நிலைத்துப் பரவியது. கண்டி மலைகளுக்குத் துரு என்ற சொல் பழக்கமானது. 1869இல் இலங்கையில் கண்ட வேறொரு துரு நோய்தான் இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்களை அழித்தது, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. எமது பாட்டன் பூட்டன்மார் கொழுந்துக் கூடை தூக்கியதில் அந்தப் பூஞ்சணத்துக்கும் பங்குண்டு. ஆகவே ஒரு துருவை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுவருவது வருடக்கணக்கில் சோதித்துச் செய்ய வேண்டிய காரியம். அது விஞ்ஞானிகளுக்கும் அரசுக்கும் உரியது. எமக்கு விரல்கள் இருக்கின்றன.

தேசிச் செடி இப்போது எப்படி என்று கேட்பீர்கள். வெட்டுண்ட மூன்று கிளைகளின் பக்கம் இன்னும் வெறுமைதான். மற்றப் பக்கத்தில் நான்கு மாதத்தில் புதுக்கொழுந்தும், அதற்குப் பிறகு கொஞ்சம் பூவும் வந்தன. இந்த முறை விற்கக் காய் போதாது, ஊறுகாய்க்குப் போதும் என்கிறார் அம்மா. பஸ் காசுக்கு அடியில் நட்ட வற்றாளங்கிழங்கை விற்றிருக்கிறார்.

அடுத்த குழுக் கூட்டத்திற்கு ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வளவில் செடியின் மேல் ஏறி நிற்கும் ஏதாவது ஒரு கொடியில் ஒரு முழம் கொண்டு வாருங்கள். கணுவும் இலையும் இருக்க வேண்டும், விதை பிடித்த பூ வேண்டாம். எல்லாவற்றையும் பாயில் பரப்பி, எது எது என்று பிள்ளைகளைக் கொண்டே சொல்லச் செய்வோம். கொண்டு வரும்போது பையின் வாயைக் கட்டிக் கொண்டு வாருங்கள். போகும்போது ஒரு துண்டும் ஆலய வளவில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.